பெயர் கேட்ட சட்டம்: தென்கொரியாவின் ஐந்தாண்டு அனுபவம்

இணையத்தில் அரசியல் பேசுகிறவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது கேட்டிருக்கும் பேச்சு இது: “தைரியம் இருந்தால் சொந்தப் பெயரில் வந்து பேசு.” நானும் கேட்டிருக்கிறேன், கோபத்தில் சொல்லியும் இருக்கிறேன். முகம் தெரியாத ஒருவர் வாய்க்கு வந்தபடி ஏசும்போது, இவர் யார் என்று தெரிந்துவிட்டால் அடங்கிவிடுவார் என்றுதான் மனசு சொல்லும். தென்கொரியா இந்த எண்ணத்தைச் சட்டமாகவே இயற்றி, 2007 ஜூலை முதல் 2012 ஆகஸ்ட் வரை நடைமுறையில் வைத்திருந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் நடந்ததையும், அதற்குப் பின் வெளிவந்ததையும் சேர்த்துப் படித்தபோது, அந்தப் பேச்சை இனிமேல் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தேன். அந்த முடிவுக்கு என்னைக் கொண்டுவந்த நிகழ்வுகளை வரிசையாக எழுதுகிறேன்.

ஏன் தென்கொரியா

அங்கே அதிவேக இணையம் மற்ற பல நாடுகளுக்கு முன்பே வீடு வீடாகப் போய்விட்டது. செய்தி படிப்பது, அரசியல் பேசுவது, சண்டை போடுவது எல்லாம் நேவர், டவும் போன்ற சில பெரிய வலைவாசல்களில்தான். அதோடு ஒவ்வொரு குடிமகனுக்கும் 13 இலக்கக் குடியிருப்புப் பதிவு எண் உண்டு. 1968 ஜனவரியில் வடகொரியக் கமாண்டோக்கள் அதிபர் மாளிகையைத் தாக்க வந்ததை அடுத்துத் தொடங்கிய ஏற்பாடு அது. பிறந்த தேதியும் பாலினமும் அந்த எண்ணுக்குள்ளேயே அடங்கியிருக்கும். ஊடுருவி வந்தவனைப் பிரித்தறியப் பிறந்த எண், நாற்பது ஆண்டுகள் கழித்துச் செய்திக்குக் கீழே கருத்து எழுதுகிறவரை அடையாளம் காணப் பயன்பட்டது. இப்படி ஓர் எண் ஏற்கெனவே கையில் இருந்ததால்தான் இந்தச் சட்டம் அங்கே சாத்தியமாயிற்று.

கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2005இல் சோல் நகரச் சுரங்க ரயிலில் ஒரு பெண்ணின் நாய் அசுத்தம் செய்ய, அவர் அதைத் துடைக்காமல் இறங்கிப் போனார். யாரோ எடுத்த படம் இணையத்தில் பரவியது. சில நாட்களுக்குள் அவர் யார், எங்கே படிக்கிறார் என்று கூட்டம் தோண்டி எடுத்துவிட்டது. தவறு சின்னது, தண்டனை நாடளவு பெரியது. பாடகர்களும் நடிகைகளும் வசைப் பின்னூட்டங்களால் நொறுங்கிய செய்திகளும் தொடர்ந்து வந்தன. ஏதாவது செய்யுங்கள் என்று மக்களே கேட்டார்கள்.

அதற்கு முன்பே, 2004இல், தேர்தல் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டிருந்தது: தேர்தல் பிரசாரக் காலத்தில் இணையச் செய்தித் தளங்களில் கட்சிகளையோ வேட்பாளர்களையோ ஆதரித்தும் எதிர்த்தும் எழுதுபவர் மெய்ப்பெயரை உறுதிப்படுத்த வேண்டும். 2007 சட்டம் அதை ஆண்டு முழுவதற்கும் எல்லாப் பேச்சுக்கும் நீட்டியது. தினமும் மூன்று லட்சம் பேருக்கு மேல் வரும் வலைவாசல்கள், இரண்டு லட்சம் பேருக்கு மேல் வரும் செய்தித் தளங்கள் இதற்குள் வந்தன. 2009இல் வரம்பை ஒரு லட்சமாகக் குறைத்தார்கள். 37 தளங்களுக்கு இருந்த கட்டாயம் 153 தளங்களுக்குப் பரவியது.

சட்டம் எப்படி வேலை செய்தது என்பதைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். எழுத வருபவர் பெயரையும் பதிவு எண்ணையும் தர வேண்டும். இரண்டும் பொருந்துகின்றனவா என்று சரிபார்க்கப்படும். அப்புறம் அவர் எந்தப் புனைபெயரில் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். பதிவு தளத்தில் இருக்கும் காலம் முழுவதும், அது நீக்கப்பட்ட பிறகும் ஆறு மாதம் வரை, நிறுவனம் அந்த விவரங்களை வைத்திருக்க வேண்டும்.

அதாவது, படிக்கிறவருக்குப் பெயர் தெரியாது. திட்டு வாங்கியவருக்கும் தெரியாது. எதிர்வாதம் செய்பவருக்கும் தெரியாது. நிறுவனத்துக்குத் தெரியும், கேட்டால் அரசுக்குத் தெரியும். விவாதத்தில் கலந்துகொள்ளும் இருவருக்கு நடுவே பொறுப்பை உண்டாக்கும் சட்டம் என்று பேசப்பட்டது, நடைமுறையில் பேசுகிறவருக்கும் அரசுக்கும் நடுவே கட்டிய கயிறாக இருந்தது. இந்த ஆய்வு முழுவதும் இந்த ஒரு புள்ளியைச் சுற்றித்தான் போகிறது.

மினெர்வா

2008ஆம் ஆண்டு அங்கே கொந்தளிப்பான ஆண்டு. மே மாதம் அமெரிக்க மாட்டிறைச்சி இறக்குமதியை எதிர்த்து மெழுகுவத்திப் போராட்டங்கள் தொடங்கின. டவும் நிறுவனத்தின் ‘அகோரா’ என்ற விவாத மேடையில்தான் பாதி ஏற்பாடு நடந்தது. போராட்டம் ஓய்ந்தபோது உலக நிதி நெருக்கடி வந்து சேர்ந்தது. ஆண்டின் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 940 வோனுக்கு அருகில் இருந்த நாணய மதிப்பு, நவம்பரில் 1,500 வோனைத் தாண்டிச் சரிந்தது.

அந்த அகோராவில் ‘மினெர்வா’ என்ற புனைபெயரில் ஒருவர் பொருளாதாரம் பற்றித் தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தார். அமெரிக்க முதலீட்டு வங்கியான லீமன் பிரதர்ஸ் வீழும் என்றார், வீழ்ந்தது. வோன் சரியும் என்றார், சரிந்தது. வாசகர்கள் லட்சக்கணக்கில் குவிந்தார்கள். ‘இணையப் பொருளாதார அதிபர்’ என்று அவருக்குப் பட்டமே கொடுத்தார்கள். அவர் யார் என்று பத்திரிகைகள் ஊகம் செய்தன. பெரிய வங்கியில் இருந்தவராக இருக்கும், வெளிநாட்டில் படித்தவராக இருக்கும் என்றெல்லாம் எழுதினார்கள். அவருடைய எழுத்துத் தோரணையும் வயதில் மூத்த ஒருவருடையது போல இருந்தது.

2008 டிசம்பர் 29 அன்று அவர் ஒரு பதிவு போட்டார். டாலர் வாங்குவதை நிறுத்தும்படி அரசு நிதி நிறுவனங்களுக்கு அவசர உத்தரவு அனுப்பியிருக்கிறது என்பது அதன் சாரம். அரசு மறுத்தது. 2009 ஜனவரியில் அவர் கைது செய்யப்பட்டார். நிறுவனத்திடம் இருந்த பயனர் விவரம் வழியாக அவரைக் கண்டுபிடிப்பது கடினமாக இருக்கவில்லை. வந்து நின்றவர் முப்பது வயதையொட்டிய, வேலை இல்லாத, இரண்டாண்டுக் கல்லூரிப் படிப்பு முடித்த இளைஞர். பொருளாதாரத்தைத் தானாகவே புத்தகம் படித்துக் கற்றுக்கொண்டவர்.

அடுத்த சில நாட்கள் செய்திகளில் என்ன ஓடியது என்று பாருங்கள். அவர் சொன்ன கணிப்புகள் சரியா தவறா, அரசின் நாணயக் கொள்கை சரியா தவறா என்ற கேள்விகள் பின்னுக்குப் போயின. அவருடைய படிப்பும் வேலையின்மையுமே தலைப்புச் செய்தி ஆயின. இவ்வளவு நாள் இவன் பேச்சையா கேட்டோம் என்ற தொனி எங்கும் இருந்தது. நேற்று வரை எழுத்தை வைத்து எடைபோட்டவர்கள், இன்று ஆளை வைத்து எடைபோட்டார்கள். அவர் ஆரம்பத்திலேயே சொந்தப் பெயரையும் படிப்பையும் போட்டு எழுதியிருந்தால் அந்த லீமன் கணிப்பை எத்தனை பேர் வாசித்திருப்பார்கள்? புனைபெயர் செய்த மிகப் பெரிய நன்மை, படிக்கிறவரை வாதத்தை மட்டும் பார்க்க வைத்ததுதான்.

ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. டிசம்பர் 29 பதிவு தவறான தகவல். சந்தை பதற்றத்தில் இருக்கும் நேரத்தில் அப்படி எழுதுவதால் கேடு வரும். அதற்கு அவர் பதில் சொல்லியிருக்க வேண்டும், வாசகர்களும் கேட்டிருக்க வேண்டும். புனைபெயரில் இருக்கும்போதே அதெல்லாம் நடந்திருக்க முடியும். அத்தனை மாதம் சேர்த்த நம்பிக்கை அந்தப் பெயரில்தானே இருந்தது. தவறு செய்தால் இழப்பதற்கு அவரிடம் அது இருந்தது. ஆனால் நடந்தது வேறு. பொது நலனைக் கெடுக்கும் நோக்கத்தோடு பொய் பரப்பினார் என்று ஒரு பழைய தொலைத்தொடர்புச் சட்டப் பிரிவின் கீழ் வழக்கு. ஐந்து ஆண்டு வரை சிறை தரக்கூடிய பிரிவு அது. அரசுத் தரப்பு பதினெட்டு மாதச் சிறை கேட்டது. 2009 ஏப்ரல் 20 அன்று நீதிமன்றம் அவரை விடுவித்தது: பொய் என்று தெரிந்தே எழுதியதற்கும் கெடுக்கும் நோக்கத்துக்கும் ஆதாரம் இல்லை என்றது. அதற்குள் நூறு நாட்களுக்கு மேல் காவலில் இருந்துவிட்டார். 2010 டிசம்பர் 28 அன்று அரசமைப்பு நீதிமன்றம் அந்தப் பிரிவே செல்லாது என்று சொல்லிவிட்டது.

விடுதலை ஆனாரே, பிறகென்ன என்று கேட்கலாம். அகோராவில் எழுதிக்கொண்டிருந்த மற்றவர்களின் நிலையில் நின்று பார்த்தால் அந்தக் கேள்வி எழாது. அரசின் பொருளாதாரக் கொள்கையை விமர்சித்து எழுதினால், ஒரு வரி பிழையானாலும் நூறு நாள் உள்ளே போகலாம் என்பது எல்லோர் கண் முன்னும் நடந்துவிட்டது.

வசை குறைந்ததா

2008 அக்டோபர் 2 அன்று நடிகை சோய் ஜின்-சில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். நாடே நேசித்த நடிகை. இறந்துபோன இன்னொரு நடிகருக்குக் கடன் கொடுத்து நெருக்கினார் என்று அவரைப் பற்றி ஒரு வதந்தி இணையத்தில் பரவியிருந்தது. அந்த மரணத்துக்குப் பிறகு ஆளுங்கட்சி இன்னும் கடுமையான சட்டம் வேண்டும் என்றது. அடுத்த ஆண்டு வரம்பு ஒரு லட்சமாகக் குறைக்கப்பட்டதும் இந்தச் சூழலில்தான்.

ஆனால் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். அவர் இறந்தபோது மெய்ப்பெயர்ச் சட்டம் வந்து பதினைந்து மாதங்கள் ஆகியிருந்தன. பெரிய வலைவாசல்கள் எல்லாம் அதற்குள் வந்துவிட்டிருந்தன. வதந்தி அதையும் மீறித்தான் பரவியது. இதைப் படித்தபோது எனக்கு மனசு கனத்தது. அவரைக் காப்பாற்ற வேண்டிய சட்டம் அவர் உயிரோடு இருக்கும்போதே அமலில் இருந்தது, எதையும் தடுக்கவில்லை. அவர் பெயரைச் சொல்லி அதையே இன்னும் பெரிதாக்கினார்கள்.

அரசின் ஒலிபரப்பு, தகவல்தொடர்பு ஆணையத்தின் கணக்காகச் செய்திகளில் வந்த எண்ணும் இதையே சொல்கிறது. 2007இல் மொத்தப் பின்னூட்டங்களில் 13.9 சதவீதம் வசை. சட்டம் வந்து ஓராண்டுக்குப் பின் அது 0.9 புள்ளி மட்டுமே குறைந்தது.

ஏன் குறையவில்லை? என் கணிப்பு இது. வசை பாடுகிறவர் பெரும்பாலும் தான் தவறு செய்வதாகவே நினைப்பதில்லை. தன் கட்சிக்காக, தன் தலைவருக்காக நியாயமாகக் கோபப்படுவதாகவே நினைக்கிறார். சொந்தப் பெயர் அவரைத் தடுக்காது. சொந்தப் பெயரில், சொந்தப் படத்தோடு, குடும்பப் படத்தைக் கூடப் போட்டுக்கொண்டு மற்றவரை இழிவாக ஏசுகிறவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தயங்குகிறவர் யார் என்றால், இழக்க ஏதாவது இருப்பவர். அலுவலகத்தில் நடக்கும் ஊழலைச் சொல்ல நினைக்கும் ஊழியர், குடும்பத்தின் அரசியலிலிருந்து விலகி நினைக்கும் பெண், சிறுபான்மைக் கருத்து வைத்திருக்கும் ஆசிரியர் எல்லாம் இதில் வருவார்கள். சத்தம் போடுகிறவர் போட்டுக்கொண்டே இருப்பார், யோசித்துப் பேசுகிறவர் வாயை மூடிக்கொள்வார்.

இன்னொரு பக்கம், ஆட்கள் வேறு இடத்துக்கு நகர்ந்தார்கள். 2009 ஏப்ரலில் யூடியூப், பெயர் கேட்க மறுத்து, ‘கொரியா’ என்று நாடு தேர்ந்தெடுத்தவர்களுக்குப் பதிவேற்றும் வசதியையும் கருத்து எழுதும் வசதியையும் நிறுத்திவிட்டது. பயனர்கள் நாட்டை மாற்றித் தேர்ந்தெடுத்துத் தொடர்ந்து பயன்படுத்தினார்கள். அதிபர் மாளிகையும் தன் காணொளிகளை அப்படியே, ‘உலகம் முழுவதும்’ என்ற தேர்வில் ஏற்றியது. சட்டம் கொண்டுவந்த அரசே சுற்றுவழியில் போனது. கடைசியில் இந்தச் சட்டம் கட்டிப்போட்டது உள்நாட்டு நிறுவனங்களை மட்டும்தான்.

கசிவும் தீர்ப்பும்

2011 ஜூலையில் நேட், சைவேர்ல்ட் தளங்களை நடத்திய நிறுவனத்தின் கணினிகளுக்குள் யாரோ புகுந்தார்கள். மூன்றரைக் கோடிப் பேரின் விவரங்கள் போயின. நாட்டின் மக்கள்தொகையே அப்போது ஐந்து கோடி. பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல், மறையாக்கம் செய்யப்பட்ட கடவுச்சொல், பதிவு எண் எல்லாம் அதில் அடங்கும். கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம். பிறந்த தேதியைத் தாங்கிய பதிவு எண்ணை அன்றைக்கு நினைத்தபடி மாற்றிக்கொள்ள வழி இல்லை. எல்லா விவரமும் இந்தச் சட்டத்துக்காகவே சேர்க்கப்பட்டது என்று சொன்னால் அது மிகை. நிறுவனங்களுக்கு அந்தப் பழக்கம் முன்பே இருந்தது. ஆனால் சேர்த்துக் குவிப்பதைக் கடமையாக்கியது சட்டம்.

2012 ஆகஸ்ட் 23 அன்று அரசமைப்பு நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும் ஒரே குரலில் சட்டத்தை நீக்கினார்கள். வசைப் பதிவுகள் குறிப்பிடும்படி குறைந்ததற்குச் சான்று இல்லை. பயனர்கள் வெளிநாட்டுத் தளங்களுக்குப் போய்விட்டார்கள். பதிவு எண் இல்லாத வெளிநாட்டவர் பேசவே முடியவில்லை. திரட்டிய விவரங்கள் கசியும் ஆபத்து இருக்கிறது. இவை காரணங்கள். இவற்றுக்கெல்லாம் அடியில் ஓர் எண்ணம் இருந்தது: பெயர் சொல்லாமல் பேசும் உரிமை, பொருளாதார பலமோ அதிகாரமோ இல்லாதவர் பழிவாங்கலுக்கு அஞ்சாமல் அரசையும் பெரும்பான்மையையும் விமர்சிக்க வழி தருகிறது.

சரி, அத்தோடு முடிந்தது என்றுதான் பலர் எழுதுகிறார்கள். எனக்கு முக்கியமான பகுதி அதற்கு அப்புறம்தான் வருகிறது.

அரசின் முகமூடிகள்

2012 டிசம்பர் 19 அதிபர் தேர்தல். அதற்கு எட்டு நாள் முன், டிசம்பர் 11 இரவு, சோலின் கங்னம் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் முன் எதிர்க்கட்சியினரும் காவலர்களும் தேர்தல் அதிகாரிகளும் கூடினார்கள். உள்ளே இருந்தவர் தேசிய உளவுத்துறையின் ஊழியர். எதிர்க்கட்சி வேட்பாளருக்கு எதிராக அவர் இணையத்தில் எழுதிவருகிறார் என்பது குற்றச்சாட்டு. கதவு இரண்டு நாள் திறக்கப்படவில்லை. டிசம்பர் 16 அன்று வேட்பாளர்களின் தொலைக்காட்சி விவாதம் முடிந்த கையோடு, இரவு 11 மணிக்கு, ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை என்று காவல்துறை அறிவித்தது. (அந்த அறிவிப்பு தொடர்பாக வழக்குக்கு உள்ளான சோல் காவல்துறைத் தலைவர் பின்னர் விடுவிக்கப்பட்டார்.) மூன்று நாள் கழித்து ஆளுங்கட்சி வேட்பாளர் பார்க் குன்-ஹே 51.6 சதவீத வாக்குகளோடு வென்றார். எதிர்க்கட்சி வேட்பாளர் மூன் ஜே-இன் பெற்றது 48 சதவீதம்.

பிறகு மெல்ல மெல்ல உண்மை வந்தது. உளவுத்துறையின் உளவியல் போர்ப் பிரிவு பல கணக்குகளில் சாதாரணக் குடிமக்கள் போலப் பின்னூட்டங்களும் ட்விட்டர் பதிவுகளும் எழுதிவந்தது. வடகொரியப் பிரசாரத்தை எதிர்ப்பது என்ற பெயரில், உள்நாட்டு எதிர்க்கட்சிகளையும் அரசின் விமர்சகர்களையும் தாக்கியது. வழக்குத் தொடுத்தவர்கள் கண்டெடுத்த ட்விட்டர் பதிவுகளின் எண்ணிக்கை பன்னிரண்டு லட்சம் வரை போனது. 2017இல் உளவுத்துறையின் சீர்திருத்தக் குழுவே இன்னொன்றையும் ஒப்புக்கொண்டது: 2009 மே முதல் 2012 டிசம்பர் வரை, வெளியாட்களைக் கொண்ட முப்பது அணிகள், மொத்தம் 3,500 பேர் வரை, இந்த வேலைக்குப் பயன்படுத்தப்பட்டார்கள். அப்போதைய உளவுத்துறைத் தலைவர் வோன் சே-ஹூனின் வழக்கு ஏறி இறங்கி, 2018 ஏப்ரல் 19 அன்று நான்கு ஆண்டுச் சிறைத் தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

2009 மே, 2012 டிசம்பர். இந்த இரண்டு தேதிகளையும் மெய்ப்பெயர்ச் சட்டத்தின் காலத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடைசிச் சில மாதங்கள் தவிர, சட்டம் மிக விரிவாக அமலில் இருந்த ஆண்டுகள் அவை. ஒரு கையால் குடிமகனிடம் பெயர் கேட்டுப் பதிவு செய்துகொண்டிருந்த அரசின் இன்னொரு கை, குடிமகன் வேடம் போட்டு அதே மேடைகளில் பேசிக்கொண்டிருந்தது. பொருளாதாரம் எழுதிய வேலையற்ற இளைஞர் சில நாட்களில் பிடிபட்டார். வரிப்பணத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு லட்சக்கணக்கில் எழுதியவர்களின் தலைவருக்கு இறுதித் தீர்ப்பு வர ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது. பெயர் கேட்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ, அவர்களைப் பெயர் கேட்க அந்த ஏற்பாட்டில் யாருமே இல்லை. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்க நினைக்கவில்லை.

ட்ருகிங்: சரிபார்க்கப்பட்ட ஐடிகளின் பொய்

இது ஒரு கட்சியின் பாவம் மட்டும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 2017இல் ஆட்சி மாறி, மூன் ஜே-இன் அதிபரானார். 2018 ஜனவரியில், குளிர்கால ஒலிம்பிக்குக்கு இரு கொரியாக்களும் சேர்ந்து பெண்கள் ஐஸ் ஹாக்கி அணி அனுப்புவது பற்றிய செய்தி ஒன்றின் கீழ், அரசைத் தாக்கும் பின்னூட்டங்களுக்கு விருப்பக் குறிகள் திடீரென ஏறின. ஆளும் ஜனநாயகக் கட்சி புகார் கொடுத்தது, நேவரும் விசாரணை கேட்டது. பிடிபட்டவர் ‘ட்ருகிங்’ என்ற புனைபெயரில் அரசியல் எழுதிப் பெயர் பெற்றவர், அதே ஜனநாயகக் கட்சியின் உறுப்பினர். முன்பு அந்தக் கட்சிக்கு ஆதரவாகவே, தானியங்கி நிரல் ஒன்றை வைத்துப் பின்னூட்டங்களின் விருப்பக் குறிகளை ஏற்றிக்கொண்டிருந்தவர். தன் ஆளுக்கு ஜப்பானின் ஒசாகா நகரில் தூதரகப் பதவி கேட்டுக் கிடைக்காததால் எதிர்ப் பக்கம் திரும்பினார். 2,000க்கும் மேற்பட்ட ஐடிகள், எட்டுக் கோடிக்கும் அதிகமான கிளிக்குகள் என்று சிறப்பு வழக்குரைஞர் கணக்குக் காட்டினார். இதற்கு உடந்தை என்று தென் கியோங்சாங் மாகாண ஆளுநர் கிம் கியோங்-சூவுக்கு 2021 ஜூலையில் இரண்டு ஆண்டுச் சிறை உறுதியானது. பதவியும் போனது. அவர் குற்றச்சாட்டைத் தொடர்ந்து மறுத்தே வந்தார்.

அந்த ஐடிகளில் பல, உண்மையான மனிதர்களுடைய உண்மையான கணக்குகள். ட்ருகிங்கின் குழுவில் இருந்தவர்கள் அவற்றைக் கொடுத்திருந்தார்கள். பெயர் சரிபார்ப்பு எதுவாக இருந்தாலும் அவை தேறியிருக்கும். ஒவ்வொரு ஐடிக்குப் பின்னும் ஓர் ஆள் இருந்தார். அந்த விருப்பக் குறிக்குப் பின்னால்தான் ஆள் இல்லை.

மூன்று வகை மறைவு

தமிழில் இதற்குத் தனித்தனி வார்த்தைகள் இருப்பது எனக்கு உதவியாக இருக்கிறது. யார் எழுதினார் என்று தெரியாமல், ஒரே தடவை வந்து விழுந்துவிட்டு மறையும் எழுத்துக்கு மொட்டைக் கடுதாசி என்கிறோம். ஒருவர் தேர்ந்தெடுத்துக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் அதிலேயே எழுதி, பேரும் பழியும் அதிலேயே வாங்கிக்கொள்ளும் பெயர் புனைபெயர். ஓர் ஆள் பத்து ஆளாகவோ, ஓர் அமைப்பு சாதாரண மனிதராகவோ வருவது மாறுவேடம். அநாமதேயம் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்றையும் அடைத்துச் சட்டம் செய்ததுதான் தென்கொரியாவில் நடந்த அடிப்படைப் பிழை என்று நினைக்கிறேன்.

புனைபெயர்க்காரரிடம் பதில் கேட்கலாம். போன மாதம் இப்படிச் சொன்னீர்களே, இன்று மாற்றிப் பேசுகிறீர்களே என்று கேட்கலாம். பதில் சொல்லாமல் போனால் அவர் பேச்சின் மதிப்பு குறையும். இதற்கு அவருடைய வீட்டு முகவரி எனக்குத் தேவையில்லை. மொட்டைக் கடுதாசியிடம் இப்படிக் கேட்க முடியாது. அதனால் அதற்குக் கொடுக்கும் எடை குறைவாக இருக்க வேண்டும், ஆனாலும் உயிருக்கு அஞ்சி ஒரே ஒரு தகவல் சொல்ல வருபவருக்கு அது ஒன்றுதான் வழி. மாறுவேடம் வேறு விஷயம். அங்கே பொய்யாக இருப்பது எண்ணிக்கை. பத்தாயிரம் பேர் இப்படி நினைக்கிறார்கள் என்று நம்ப வைப்பதுதான் ஏமாற்று. ஒவ்வொரு கருத்தும் மரியாதையான மொழியில் இருந்தாலும், அந்த ஏமாற்று ஒரு தேர்தலையே கோணலாக்கும். வசையைத் தேடிப்போன சட்டம் இதைத் தேடவே இல்லை.

இங்கே ஓர் எதிர்க்கேள்வி நியாயமாக எழும். புனைபெயரில் ஒருவர் என் மேல் பொய்ப் பழி சுமத்தி, என் வேலை போய்விட்டது என்றால் நான் எங்கே போவேன்? பாதிக்கப்பட்டவருக்கு வழி இருக்கத்தான் வேண்டும், அவருக்கு எழுதியவரின் பெயர் கிடைக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கதவின் சாவி நீதிபதியிடம் இருக்க வேண்டும், கேட்டவர் கைக்கெல்லாம் போகக் கூடாது. தென்கொரியாவில் அது கேட்டவர் கைக்குப் போனது. 2010இல், ஒலிம்பிக் தங்கம் வென்று விமான நிலையத்தில் வந்திறங்கிய ஸ்கேட்டிங் வீராங்கனை கிம் யு-னா, பண்பாட்டு அமைச்சர் தட்டிக்கொடுக்க வந்தபோது விலகுவது போலத் தோன்றும் ஒரு காட்சித் துணுக்கைச் சிலர் பகிர்ந்தார்கள். அமைச்சர் அவதூறுப் புகார் கொடுத்தார். நீதிமன்ற ஆணை எதுவும் இல்லாமலேயே நேவர் ஒரு பயனரின் விவரங்களைக் காவல்துறைக்குக் கொடுத்தது. அமைச்சர் பின்னர் புகாரைத் திரும்பப் பெற்றார். பயனர் நேவர் மேல் வழக்குப் போட்டு 2012இல் மேல்முறையீட்டில் வென்றார், 2016இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். ஒரு கேலித் துணுக்குக்காக ஒரு குடிமகனின் பெயர் காவல் நிலையம் போய்ச் சேர்ந்தது, அதைக் கொடுப்பது நியாயமா என்று ஆராய்ந்து பார்க்கும் கடமை நிறுவனத்துக்கு இல்லை என்று ஆயிற்று.

வரலாற்றைக் காட்டுவது

ட்ருகிங் விவகாரம் வெடித்த 2018 ஏப்ரலில், ஒரு கணக்கு ஒரு செய்திக்கு மூன்று பின்னூட்டங்களுக்கு மேல் போடக் கூடாது, ஒரு நாளில் ஐம்பது விருப்பக் குறிகளுக்கு மேல் இடக் கூடாது என்று நேவர் வரம்பு வைத்தது. 2019 அக்டோபரில், நீண்ட காலம் வசைப் பின்னூட்டங்களுக்கு ஆளான பாடகி சுல்லியின் மரணம் நாட்டை மறுபடி உலுக்கியது. மெய்ப்பெயர்ச் சட்டம் திரும்ப வேண்டும் என்ற குரல்களும் மறுபடி எழுந்தன. டவும் தன் பொழுதுபோக்குச் செய்திகளுக்குக் கீழே கருத்து எழுதும் வசதியை அந்த மாதமே மூடியது. 2020 மார்ச்சில் நேவரும் மூடியது. கலைஞர்களின் தனிவாழ்க்கைச் செய்திக்குக் கீழே யாரும் கருத்துச் சொல்லாவிட்டால் ஜனநாயகத்துக்கு ஒன்றும் குறைந்துவிடாது. அந்த முடிவு எனக்குச் சரியாகவே படுகிறது.

அரசியல் செய்திகளை அப்படி மூட முடியாது. அங்கே நேவர் செய்தது இதுதான்: 2020 மார்ச் முதல், கருத்து எழுதும் ஒவ்வொருவரும் இதுவரை எழுதியவற்றை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். முன்பு அதை மறைத்து வைக்கும் தேர்வு எழுதுபவர் கையில் இருந்தது; இப்போது இல்லை. எத்தனை எழுதினார், அண்மையில் எத்தனை பங்கை அவரே அழித்தார் என்பதும் தெரியும். பெயர் தெரியாது, ஊர் தெரியாது, வேலை தெரியாது. ஆனால் நேற்று இரண்டு மணி நேரத்தில் ஒரே வாக்கியத்தை முப்பது இடங்களில் ஒட்டியவர் என்றால் அது தெரியும். முதல்முறையாக, அரசுக்கு மட்டும் தெரிந்த ஒன்றுக்குப் பதிலாக, படிக்கிறவருக்குப் பயன்படும் ஒன்று வெளியே வந்தது. இதிலும் குறை உண்டு. பழைய எழுத்துகளைக் கோத்துப் பார்த்து ஆளையே கண்டுபிடிக்க முனைபவர்கள் இருக்கிறார்கள், 2005இல் ரயில் பெண்ணைத் தோண்டியது போல. அதனால் பழையதை அழிக்கும் உரிமை எழுதியவரிடம் இருந்தே ஆக வேண்டும்.

2004இல் தொடங்கிய தேர்தல் கால மெய்ப்பெயர் விதி மட்டும் நீண்ட காலம் நின்றது. அரசமைப்பு நீதிமன்றம் 2010இலும் 2015இலும் அது செல்லும் என்றது. 2021 ஜனவரி 28 அன்று ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் தன் நிலையை மாற்றிக்கொண்டது: அரசியல் பேச்சு மிக அதிகம் தேவைப்படும் நாட்களில்தான் இந்த விதி வாயை அடைக்கிறது என்றது. அதற்கு இரண்டு மாதம் கழித்து, ஏப்ரல் 7 அன்று, சோல், பூசான் நகரங்களுக்கு மேயர் இடைத்தேர்தல் நடந்தது. அந்தத் தேர்தலில் வேட்பாளரைப் பற்றி ஒரு வரி எழுத யாரிடமும் பதிவு எண் கேட்கப்படவில்லை.